பச்சைத் தேயிலையும் என் கோட்டும்

தேயிலைச் செடியை நான் முதன்முதலாக நேரில் கண்டது ஜெர்மனியில். டுசல்டோர்ஃப் பல்கலைக்கழகத்துத் தாவரவியல் பூங்காவில், ஒரு கண்ணாடி வீட்டுக்குள், இடுப்பளவு உயரத்தில், காலடியில் பெயர்ப்பலகையோடு நின்றது. பலகையை வாசித்திராவிட்டால் ஏதோ வேலிச்செடி என்று கடந்து போயிருப்பேன். அந்த நேரம் அதே நகரத்தில் ஒரு யப்பானியத் தேயிலைக் கடையில் 'சிலோன் தேயிலை தெரிந்தவர்' என்ற பேரில் நான் சம்பளம் வாங்கத் தொடங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது.

வெளிநாட்டுக்காரருக்கு இலங்கை என்றால் தேயிலை. நான் யாழ்ப்பாணம். அங்கே பனை வளரும், புகையிலை வளரும், எல்லை வேலிக்காக வழக்கு வளரும். தேயிலை எங்களுக்குச் சங்கக் கடையில் பக்கெட்டாக விளைந்தது. அதைக் கொதிக்கக் கொதிக்கப் போட்டு, ஒரு துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பதோடு எங்கள் தேயிலை ஞானம் முடிந்துவிடும். மலையில் அதைப் பறித்தவர்களைப் பற்றி எங்களுக்கு அபிப்பிராயங்கள் இருந்தன. அறிவு இருக்கவில்லை.

இந்த வேலை எனக்கு வந்த வேலை அல்ல. வேறொருவருக்கு வந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன். இத்தனை காலம் சொல்லாமல் இருந்ததற்கு அடக்கம் காரணமில்லை.

தொண்ணூறுகளின் முதற்பாதியில் வுப்பர்டாலில் ஒரு வீட்டில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். எல்லாரும் அகதி விண்ணப்பக்காரர். நாலு பேர் யாழ்ப்பாணம். ஐந்தாவது ஆள், என்னோடு ஒரே அறையில் படுத்தவர், மலையகம். பதினெட்டு வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். தொழிற்சாலையை அவர்கள் 'ஸ்டோர்' என்பார்கள். கலவரத்தில் அவர்கள் குடியிருந்த லயத்தைக் கொளுத்தியபின் குடும்பத்தோடு வவுனியாவுக்கு வந்து, மனைவியையும் இரண்டு வயதுப் பிள்ளையையும் அங்கே விட்டுவிட்டு, எப்படியோ இங்கே வந்து சேர்ந்திருந்தார். நண்பர் என்று எழுதினால் கை கூசும். அறைக்காரர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

அவர் என்னைவிட நாலு வயது மூத்தவர். ஆனால் என்னை 'அண்ணே' என்றார். முதல் நாள் நான் படித்தவன் மாதிரித் தெரிந்திருக்க வேண்டும். கண்ணாடி போட்டிருந்தேன், கையில் புத்தகம் இருந்தது. நான் திருத்தவில்லை. அவர் அண்ணே என்றால் நான் 'என்ன தம்பி' என்று கேட்பேன். வீட்டில் மற்றவர்கள் அவருக்குப் பின்னால் ஒரு பேர் சொல்வார்கள், தோட்டத்து ஆட்களுக்கு எங்கள் பக்கத்தில் சொல்கிற பேர். நான் ஒருநாளும் சொன்னதில்லை. சிரித்திருக்கிறேன்.

அவரிடம் ஒரு விசித்திரம் இருந்தது. தேத்தண்ணி குடிக்கமாட்டார். வீடு முழுக்கப் பிளேன்டீ குடிக்கும்போது அவர் மட்டும் கோப்பி கலக்குவார்.

"தேயிலைக்குள்ள பிறந்தவன் கோப்பி குடிக்கிறான் பார்" என்று குசினியில் ஒருவர் பகிடி விடுவார்.

"அங்க நல்ல தூள் எல்லாம் கப்பல்ல போயிருங்க" என்பார் அவர். "எங்களுக்குக் கூட்டி அள்ளுனதுதான். அதான் பழகல."

அதை நாங்கள் விளக்கமாக எடுத்துக்கொண்டோம்.

ஒருநாள் காலை தேவாலயத்திலிருந்து ஒரு ஜெர்மன் பெண்மணி வந்தார். எங்களைப் போன்றவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவர். வீட்டில் நான் மட்டும் இருந்தேன். அவரிடம் ஒரு நற்செய்தி இருந்தது. டுசல்டோர்ஃபில் ஒரு யப்பானிய அம்மாவின் தேயிலைக் கடைக்கு ஆள் வேண்டும், தேயிலை தெரிந்த ஆளாக இருந்தால் வேலை அனுமதி எடுக்கலாம், அந்த மாதிரி ஆள் இங்கே எந்த ஜெர்மன்காரனும் இல்லையே என்று வேலை அலுவலகத்துக்கு எழுதலாம் என்றார். "உங்கள் வீட்டில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர் ஒருவர் உண்டல்லவா" என்று ஒரு காகிதத் துண்டில் விலாசத்தையும் நேரத்தையும் எழுதி என் கையில் தந்தார். "அவரிடம் கொடுங்கள்."

அந்த ஒரு வசனம்தான். அவரிடம் கொடுங்கள்.

அறைக்காரர் அந்த நேரம் தெருவில் விளம்பரத் தாள் போட்டுக்கொண்டிருந்தார், பதிவில்லாத கைக்காசு வேலை. எங்கள் எல்லாருக்கும் விசா மூன்று மாதத்துக்கு ஒரு தடவை குத்துவார்கள். வேலை ஒப்பந்தம் இருந்தால் விசா நீளும். விசா நீண்டால் மனைவி பிள்ளையைக் கூப்பிட ஒரு வழி பிறக்கும். அவருக்கு மனைவி பிள்ளை இருந்தார்கள். எனக்கு அப்போது யாரும் இல்லை. இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

நான் யோசித்தது இப்படி: அவருக்கு ஜெர்மன் பாஷை, டொச், வராது, போனாலும் எடுக்கமாட்டார்கள், நான் ஒருக்கால் போய்ப் பார்த்துவிட்டுப் பிறகு அவருக்குச் சொல்லலாம். என் மூளை எப்போதும் எனக்குச் சார்பான நீதவான். துண்டை மடித்துக் கோட்டுப் பையில் போட்டேன்.

அந்தக் கடை ரயில் நிலையத்துக்குக் கிட்ட, யப்பானியக் கடைகள் வரிசையாக இருக்கிற தெருவில். முன்னால் தகர டப்பாக்கள், கண்ணாடி அலுமாரியில் பூ மாதிரியும் இலை மாதிரியும் செய்த இனிப்புகள். பின்னால் பாய் விரித்த ஒரு அறை. கடைக்கார அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய டொச்சும் என்னுடைய டொச்சும் ஒரே தரம். அதனால் நன்றாக விளங்கிக்கொண்டோம்.

பாயில் இருக்கச் சொன்னார். இருந்தேன், சப்பாணி கட்டி இருக்கிறது எனக்கென்ன புதுசா. எனக்கு முன்னால் ஒரு சின்னத் தட்டில் வெளிர் ரோசா நிறத்தில் ஒரு இனிப்பை வைத்தார். பிறகு மூங்கில் மத்து மாதிரி ஒன்றால் ஒரு கிண்ணத்தில் பச்சைத் தூளை நுரைக்க நுரைக்க அடித்து என் பக்கம் திருப்பி வைத்தார். மாச்சா. அன்றைக்கு அதன் பேர் தெரியாது. பார்வைக்கு அகத்தியிலைச் சாறு.

எனக்குத் தேயிலையைப் பற்றித் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். இனிப்பைக் கடித்தேன். பனங்கட்டி போலத்தானே. உள்ளே பயற்றங்கொழுக்கட்டைக்குள் வைக்கிற உள்ளுடன் மாதிரி இருந்தது, தேங்காய்ப்பூ மட்டும் இல்லை. முழுவதையும் தின்றுவிட்டு, வாயில் இனிப்பு நிற்கும்போதே கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தேன். கசந்தது. ஆனால் அந்த இனிப்புக்கு மேல் அந்தக் கசப்பு, எங்கள் வீட்டுப் பின்னேரத்துப் பிளேன்டீ போலவே, சரியாக வந்து உட்கார்ந்தது.

அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். முதலில் இனிப்பு, பிறகு தேநீர். அதுதான் அவர்களுடைய முறையாம். எனக்கு முன்னால் வந்த மூன்று பேரும் முதலில் குடித்தார்களாம். ஒருவர் பால் கேட்டாராம்.

"உங்கள் ஊரில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலையா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். டொச்சில் 'யா' என்று சொல்லியிருக்க வேண்டும். பொய்யைச் சொந்த மொழியில் சொன்னால்தான் வருகிறது. அவர் தலையாட்டினார்.

வேலை கிடைத்தது. வீட்டில் சீன ரெஸ்டோரண்ட் ஒன்றில் கோப்பை கழுவுகிறேன் என்று சொன்னேன். கோப்பை கழுவுகிறவனை எங்கள் சமூகத்தில் யாரும் மேலே கேள்வி கேட்பதில்லை.

வேலை சுகமானது. காலையில் அம்மா இனிப்புச் செய்யும்போது அவித்த சிவப்புப் பயற்றை நான் அரிதட்டில் தேய்ப்பேன். யோகான் என்று ஒன்று, பயற்றையும் சீனியையும் கடற்பாசி போட்டு இறுக்கித் துண்டு போடுவது; எங்கள் ஊர்த் தொதல் அல்வாவுக்குச் சித்தப்பா மகன். தைஃபுக்கு என்பது மோதகத்துக்கு அரிசிமாவுச் சட்டை கொஞ்சம் தளதளப்பாகப் போட்டது. வசந்தத்தில் பூ, இலையுதிர் காலத்தில் சிவந்த இலை என்று காலத்துக்கேற்ப வடிவம் மாறும். உள்ளே எப்போதும் அதே பயறுதான். ஊரில் அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பாராத ஆண்பிள்ளை நான். இங்கே இனிப்புக்குப் பூவிதழ் கீறினேன்.

தேயிலைதான் சிக்கல். செஞ்சா என்பது தினக் குடிப்புக்கு. கியோகுரோ என்பது பறிக்குமுன் வாரக்கணக்கில் நிழலில் மூடி வளர்த்தது. கடல் தண்ணீரில் கீரை அவித்த மாதிரி ஒரு சுவை. கென்மாய்ச்சாவில் பொரியரிசி கிடக்கும். ஹோஜிச்சா வறுத்தது, அதுதான் எனக்குத் தேத்தண்ணி மாதிரித் தெரிந்தது. அம்மா அதைக் குழந்தைக்கும் கிழவருக்கும் கொடுப்பதென்றார். தண்ணீர் கொதித்தபடி ஊற்றக்கூடாது, ஆறவிட வேண்டும். கியோகுரோவுக்குக் கையில் ஊற்றிப் பார்த்தால் சுடாத அளவுக்கு ஆறவேண்டும். எங்கள் ஊரில் ஆறின தேத்தண்ணி தந்தால் அந்த வீட்டுக்கு மறுபடி போகமாட்டோம்.

சில நாளில் வாடிக்கையாளர் யாராவது "சிலோனில் எப்படிச் செய்வீர்கள்" என்று கேட்பார்கள். அம்மா பெருமையாக என் பக்கம் கையைக் காட்டி, "சிலோன்-சான் சொல்வார்" என்பார். 'சான்' எங்கள் 'ஐயா' மாதிரி.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில், குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு, நான் அறைக்காரரிடம் பாடம் கேட்டேன்.

"தம்பி, கொழுந்து பறிச்சு வந்தால் பிறகு என்ன செய்வியள்?"

"எதுக்குண்ணே?"

"சஞ்சிகைக்கு ஒரு கட்டுரை எழுதுறன். மலையகத்தைப் பற்றி."

அவர் முகம் மலர்ந்தது. எங்கள் ஆட்கள் நடத்திய ஒரு கல்லச்சுச் சஞ்சிகையில் நான் நகைச்சுவைக் கட்டுரை எழுதுவது அவருக்குத் தெரியும். கையைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கொழுந்தை மேல் மாடியில் பரப்பி வாட்டுவது, விரலால் நசித்துப் பதம் பார்ப்பது, உருட்டுவது, நிறம் மாறும்வரை போட்டுவைப்பது, சூளையில் காயவிடுவது, சல்லடையில் தரம் பிரிப்பது எல்லாம் சொன்னார். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, யாரோ வேறொருவருடைய வாழ்க்கையைச் சொல்கிற மாதிரிச் சொன்னார். நான் கொப்பிப் புத்தகத்தில் எழுதினேன். திங்கட்கிழமை அதைக் கடையில் விற்றேன்.

"கட்டுரை வந்துருச்சாண்ணே?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். "வரும்" என்றேன். பிறகு அவர் கேட்கவில்லை.

அந்த நாட்களில் அவரோடு எனக்கு ஒரு சில்லறை மனக்கசப்பும் இருந்தது. நான் வேலையால் வந்து அறையில் கோட்டை மாட்டினால், கொஞ்ச நேரத்தில் அது அங்கே இருக்காது. வாசலுக்கு வெளியே, படிக்கட்டு ஆணியில் தொங்கும். இரண்டு தடவை உள்ளே கொண்டு வந்தேன். இரண்டு தடவையும் திரும்ப வெளியே போயிற்று.

"என்ன தம்பி, கோட்டு களவு போனால் நீரே வாங்கித் தாறது?"

"ஈரமா இருந்துச்சுண்ணே. வெளில கெடக்கட்டும்."

மழை பெய்யாத நாளிலும் ஈரமா என்று மனதுக்குள் முறுகினேன். உள்ளூர அவருக்குத் துரோகம் செய்துகொண்டிருக்கிறவனுக்கு, அவர் மேல் ஒரு குறை கிடைப்பது எவ்வளவு ஆறுதல் என்பது செய்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.

கடையில் கதைத்துக் கதைத்து என் டொச் திருந்தியது. அதனால் வீட்டில் யாருக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், அதாவது வரச்சொன்ன தவணை, இருந்தாலும் மொழிபெயர்க்க நான்தான் போவேன். அறைக்காரரோடும் போனேன். இலக்கத் துண்டு எடுத்து, இரண்டு மணித்தியாலம் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, உள்ளே போனோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் கெட்டவரல்ல. களைத்தவர்.

"வேலை இருக்கிறதா?" என்று கேட்டார்.

"இல்லை" என்று மொழிபெயர்த்தேன். கடைக்குப் போட்டுப்போகிற கோட்டைப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"என்ன வேலை தெரியும்?"

நான் அறைக்காரர் பக்கம் திரும்பினேன். "என்ன வேலை தெரியுமெண்டு கேக்கிறார்."

அவர் கொஞ்சம் தயங்கினார். "தேயில வேலதாண்ணே தெரியும். அதையே சொல்லுங்க. பதினெட்டு வருஷம்."

டொச்சில் தேயிலைக்குச் சொல் 'டே'. எங்கள் டீயிலிருந்து அரை அடி தூரம். இந்த நாட்டுக்கு வந்த எவனும் முதல் வாரத்தில் கற்கிற சொல். எனக்கு அது அந்த நேரம் வாயில் வரவில்லை. அந்தச் சொல்லைச் சொன்னால் அந்த மேசையிலிருந்து ஒரு தொலைபேசி டுசல்டோர்ஃபுக்குப் போய்விடும் என்று எனக்கு ஒரு பயம். முட்டாள்தனமான பயம். அந்த மனிதர் தன் மதியச் சாப்பாட்டுக்கே தொலைபேசி எடுக்கமாட்டார்.

"விவசாயம்" என்றேன்.

அவர் எழுதினார். மூன்று மாதம் குத்தினார். படியிறங்கி வரும்போது அறைக்காரர், "தேங்க்ஸ்ண்ணே" என்றார். தொங்கு ரயிலில் வீடு போகும்வரை நான் ஜன்னலுக்கு வெளியே கீழே ஓடுகிற ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இனி, மாட்டுப்பட்ட கதை.

வசந்தம் முடிகிற நேரம் அம்மாவுக்கு யப்பானிலிருந்து அந்த வருடத்தின் முதற்பறிப்புத் தேயிலை வரும். அவருடைய சொந்த ஊர்த் தேயிலை. வருடத்தில் ஒரு தடவை அதை வைத்துப் பின்னறையில் ஒரு விருந்து நடத்துவார். கம்பனி உத்தியோகத்தர்களுடைய மனைவிமார் ஒன்பது பேர் வருவார்கள். அதற்காக அவர் ஒரு பக்கெட்டை முன்கூட்டியே உடைத்து, மரப் பெட்டியில் கொட்டி, குளிர்ச்சியான பின் களஞ்சிய அறையில் வைத்திருந்தார்.

அதே வாரம் பாரிஸிலிருந்து எனக்கு இரண்டு கிலோ மிளகாய்த்தூள் வந்தது. ஊர்ப் பாணியில் வறுத்து இடித்தது. வீட்டில் வைத்தால் நாலு பேரும் கரண்டி போடுவார்கள். கடையில் குளிர்ச்சியான, காய்ந்த, பூட்டுள்ள இடம் எது என்று யோசித்தேன். நாலு நாள் அந்தப் பொதி மரப் பெட்டிக்குப் பக்கத்துத் தட்டில் இருந்தது.

சனிக்கிழமைப் பின்னேரம் விருந்து. நான் தயாரித்த இனிப்பு, வெளிறிய பச்சையில் இளந்தளிர் வடிவம், எல்லாருக்கும் பிடித்தது. பிறகு அம்மா தேநீரை ஊற்றினார். ஒன்பது பேரும் கிண்ணத்தைத் தூக்கினார்கள், குடித்தார்கள், வைத்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. யப்பானியர் மரியாதையாக மௌனமாக இருப்பது எனக்குப் பழக்கம். இது வேறு மௌனம். ஒரு அம்மையார் கைக்குட்டையை மூக்கில் வைத்து மெல்ல இருமினார். கடைக்கார அம்மா தன் கிண்ணத்திலிருந்து ஒரு மிடறு குடித்தார். அவருடைய காது சிவந்ததை நான் வாசலில் நின்று பார்த்தேன்.

எல்லாரும் குனிந்து குனிந்து விடைபெற்றுப் போனபின் அவர் பெட்டியை என் முன்னால் வைத்தார். "சிலோன்-சான், நீங்கள் தேயிலைக்காரர். இதற்கு என்ன நடந்தது?"

நான் கிள்ளி எடுத்து மணந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் பிறந்ததிலிருந்து அந்த வாசத்துக்குள்ளேதானே இருக்கிறேன். "வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று நிபுணர் குரலில் சொல்லி, ஒரு பிடியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு எஸ்-பான் ரயில் ஏறினேன்.

அறைக்காரர் குசினியில் போஞ்சிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். காகிதத்தை அவர் முன்னால் விரித்தேன். "கட்டுரைக்கு" என்று சொல்ல வாய் திறந்து, அதைக்கூடச் சொல்ல வெட்கமாயிருந்ததால், "இதை ஒருக்கால் பாருங்கோ" என்றேன். முதல் தடவையாக அவரிடம் 'பாருங்கோ' என்று சொன்னது அன்றைக்குத்தான்.

அவர் கத்தியை வைத்தார். ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் போட்டு, வாயால் சூடாக ஊதி, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"நல்ல கொழுந்து. மொதப் பறிப்பு. நம்மள மாதிரிப் புளிக்க விடல, ஆவில அவிச்சிருக்காங்க." நிறுத்தினார். மறுபடி மணந்தார். "இதுக்குப் பக்கத்துல யாரோ தூள் வச்சிருக்காங்கண்ணே. வறுத்த மல்லி. பெருஞ்சீரகம். யாழ்ப்பாணத் தூளுதான்."

நான் போஞ்சிக்காயைப் பார்த்தேன்.

"தேயில எல்லா வாசத்தையும் இழுத்துக்குங்க. ஸ்டோருக்குள்ள வெங்காயம் தின்னுட்டு வந்தாலே வெளில நிறுத்திருவாங்க. இத ஒன்னும் செய்ய ஏலாது. கொட்டிற வேண்டியதுதான்."

எங்கேயிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. காகிதத்தை மடித்து என்னிடம் தந்துவிட்டு, கைக்குச் சவர்க்காரம் போட்டு இரண்டு தடவை கழுவினார். பிறகு போஞ்சிக்காயை எடுத்தார்.

திங்கட்கிழமை நான் அம்மாவிடம் பொதியைக் காட்டி உண்மையைச் சொன்னேன். தூள் என்னுடையது, பிழை என்னுடையது. அவர் பொதியைக் கிட்ட எடுத்து மணந்தார். தும்மினார். பிறகு பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டினார்.

திரும்பி வந்து, "நீங்கள் நேர்மையான மனிதர்" என்றார்.

அதைக் கேட்க எனக்குக் கூசியது. "நானாகக் கண்டுபிடிக்கேல்லை. என்னுடைய ஊர்க்காரர் ஒருவர் மணந்து பார்த்துச் சொன்னவர். அவர்தான் உண்மையான தேயிலைக்காரர்" என்றேன். இவ்வளவுதூரம் நான் நல்ல மனிதன்.

அவர் நிமிர்ந்தார். "மணந்து பார்த்தா கண்டுபிடித்தார்? அவரைக் கூட்டி வாருங்கள். எனக்கு அப்படி ஒருவர் வேண்டும்."

கதவு திறந்து கிடந்தது. உள்ளே போகச் சொல்லி ஆளும் நின்றார். எனக்கு ஒரே ஒரு காரியம்தான் செய்ய இருந்தது: அன்றைக்கு மாலை வீட்டுக்குப் போய், ஒரு வருடம் பிந்தி, அந்தத் துண்டைக் கொடுப்பது. ஆனால் அவர் வந்தால் ஒரு மணித்தியாலத்தில் நான் யாரென்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். ஒரு கடைக்கு எத்தனை தேயிலைக்காரர்?

"அவர் கனடாவுக்குப் போய்விட்டார்" என்றேன்.

எங்கள் ஆட்களில் காணாமற்போகிற எல்லாரும் கனடாவுக்குத்தான் போகிறார்கள். அம்மா வருந்தினார். அந்த நேரம் அறைக்காரர் வுப்பர்டாலில், முப்பது கிலோமீட்டர் தள்ளி, விளம்பரத் தாள் போட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு இன்னும் ஆறு தடவை அவருக்கு மூன்று மாதம் குத்தினார்கள். நாலு தடவை நான்தான் மொழிபெயர்த்தேன். கடைசியில் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவராகவே வேலை தேடிக்கொண்டார். விசா நீண்டது. நான் வேறு வீடு மாறினேன். அவருடைய மனைவியும் பிள்ளையும் வந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது பிள்ளைக்கு ஏழு வயது. இரண்டு வயதில் விட்டுவிட்டு வந்தவர். அந்த ஐந்து வருடத்தில் எத்தனை வருடம் என்னுடையது என்று நான் பல தடவை கணக்குப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சாதகமாகக் கூட்டியும் இரண்டுக்குக் கீழே வரவில்லை.

தொண்ணூறுகள் முடிகிற நேரம் கடைக்கார அம்மா கடையை விற்றுவிட்டு ஊருக்குத் திரும்பினார். கடைசி நாள் எனக்கு ஒரு டப்பா கியோகுரோ தந்தார், அலுமாரியின் மேல்தட்டில் இருந்த மிக உயர்ந்த ரகம். அதை வீட்டில் வைத்துக்கொண்டு குடிக்க என்னால் முடியவில்லை. நான் என் கையால் பன்னிரண்டு இனிப்புச் செய்து, பெட்டியில் அடுக்கி, டப்பாவையும் எடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் அறைக்காரர் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்து, "வாங்கண்ணே" என்றார். தலை நரைத்திருந்தது. கோட்டை வாங்கி வெளியே படிக்கட்டு ஆணியில் மாட்டினார். இன்னும் அந்தப் பழக்கம் விடவில்லை என்று நினைத்தேன். அவருடைய மனைவி கோப்பி கொண்டுவந்தார்.

நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். தேவாலயத்துப் பெண்மணி, துண்டு, சீன ரெஸ்டோரண்ட், விவசாயம், கனடா. கொப்பியில் எழுதிக்கொண்டு போயிருந்தால் இன்னும் ஒழுங்காகச் சொல்லியிருக்கலாம். சொல்லி முடிந்து கோப்பியைப் பார்த்தபோது அதில் ஆடை கட்டியிருந்தது.

அவர் தன் கோப்பியைக் கலக்கினார். பிறகு, "தேயிலக் கடைன்னு மொத நாளே தெரியுண்ணே" என்றார்.

"எப்பிடி?"

"கோட்டுல வாசம் வந்துச்சே. அறை பூரா பச்சக் கொழுந்து வாசம். எனக்கு அது ஆகாதுண்ணே. பதினெட்டு வருஷம் அதுக்குள்ளயே கெடந்தவன். அந்த வாசம் வந்தா விடியக்காலம் கங்காணி கத்துறது கேக்கும். அதான் வெளில மாட்டுவேன்."

"அப்ப ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?"

அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். "யாழ்ப்பாணத்து ஆளு, படிச்சவரு, தோட்டத்து ஆளுங்க வேலையச் செய்யுறோமேன்னு வெக்கப்பட்டு மறைக்கிறீங்கன்னு நெனச்சேன். அந்தப் பசங்களுக்குத் தெரிஞ்சா சிரிப்பாங்களேன்னு நானும் யார்ட்டயும் சொல்லல. அந்த ஆபீசுல நீங்க 'டே'ன்னு சொல்லலையே, அப்பவும் அதுதான் காரணம்னு நெனச்சேன்." சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. "துண்டு எனக்கு வந்ததுன்னு தெரியாதுங்க."

"தெரிஞ்சிருந்தால் போயிருப்பியளோ?"

குசினிப் பக்கம் பார்த்தார். மனைவி அங்கே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"மூக்கப் பொத்திக்கிட்டுப் போயிருப்பேன்" என்றார். "புள்ளைக்காக."

கடையில் பழகிய குனிவு ஒன்றுதான் கைவசம் இருந்தது. கதிரையில் இருந்தபடி குனிந்தேன். அது அவருக்கு விளங்கியிருக்காது. ஏதோ கீழே விழுந்துவிட்டதென்று நினைத்து அவரும் குனிந்து மேசைக்கடியில் பார்த்தார்.

பிறகு பெட்டியைத் திறந்து ஒரு இனிப்பை எடுத்தார். சிவந்த இலை வடிவம். இலையின் நரம்புவரை நான் கீறியிருந்தேன். அதைப் பார்க்காமலே வாயில் போட்டு, மென்று, விழுங்கினார். கோப்பியை ஒரு மிடறு குடித்தார். மேசையில் இருந்த டப்பாவை ஒரு விரலால் என் பக்கம் மெல்ல நகர்த்தினார்.

"கொழுக்கட்ட நல்லா இருக்குண்ணே. ஆனா இந்த டப்பாவ மட்டும் வெளில கோட்டுக்கிட்ட வச்சிட்டு வந்து உக்காருங்க."